பொட்டு வைத்த படலம்

இந்த உலகில் ஒழுங்கு என்று ஏதாவது மிஞ்சியிருந்தால், அது திருப்பதியில் எங்கள் சாய ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

சாய மூலக்கூறுகள் அடக்கமானவை. வெற்றிடத்தில் ஆவியாக்கி ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் படியவிட்டால், பரப்புக்கு ஏற்றபடி படுக்கும், அல்லது நிற்கும். முதல் அடுக்கு எப்படியோ, மேலே வருபவையும் அப்படியே. எங்கள் துறையும் அதே 'விதி'ப்படி நடக்கிறது. துறைத்தலைவர் தேசிகன் ஸார் சிரித்த பிறகுதான் சிரிப்போம்.

என் மனைவி ஸ்ரீவல்லி அங்கே ஆய்வு மாணவி. அவள் செய்த ஒரே ஒரு படலத்தில் மூலக்கூறுகள் அத்தனையும் நேராக நின்றன. பிறகு யாருக்கும் அது கைவரவில்லை. மாசியில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். துக்கம் கேட்க வந்த தேசிகன் ஸார், "கொடுத்துவெச்சவ, வரத். பொட்டோட போனா" என்றார். பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒழுங்கு.

டெல்லியிலிருந்து ஆய்வகத்தை மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் படலத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டால், அவள் பெயரில் முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக ஸார் சொன்னார்.

அன்று காலை, வழக்கப்படி, கருவிகளுக்குப் பூஜை. கணினிக்கு ஒரு பொட்டு. வெற்றிடப் பம்புக்கு இரண்டு. உதவியாளர் சுனில் பக்தியில் குறை வைக்காதவர். பெட்டியைத் திறந்து ஸ்ரீவல்லியின் படலத்துக்கும் நட்டநடுவில் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார்.

ஏன் என்று கேட்டேன்.

"ஸார் எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னாருண்ணா. மேடம் செஞ்சதை மட்டும் உட்டா மனசு கேக்குமா?"

அதற்குள் குழுவின் கார் வந்துவிட்டது. படலங்களைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதிய தேசிகன் ஸார், ஓடிவந்து ஈரத்துணியால் துடைத்தார். பொட்டு போனது. தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத படலமும் போனது.

குழுவினருக்குத் திருமலையில் வி.ஐ.பி. பிரேக் தரிசனத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணாடியை நுண்ணோக்கியில் பார்த்து, "அபாரமான சீர்மை" என்று வியந்தார்கள். ஸார் தலையசைத்தார். துறை தலையசைத்தது. ஆய்வகத்துக்கு மேலும் மூன்றாண்டு அனுமதி.

மாலையில் துறை கூடியிருந்தபோது பட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஆதாரம் வேணுமேப்பா. படலம் இல்லையே" என்றார் ஸார். பிறகு என் தோளைத் தட்டினார். "வருத்தப்படாதே. அதுவும் பொட்டோடதானே போச்சு."

"இல்ல ஸார். பொட்டை நீங்க அழிச்சீங்க. அதுலதான் போச்சு."

ஸார் ஒன்றும் பேசவில்லை. ஆகவே, யாரும் பேசவில்லை.