லைன் அக்காவின் சிம்மிஸ்

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: வேப்பம்பட்டில் எந்த விதிக்கும் கட்டுப்படாத ஒரே மனுஷி, எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த லைன் அக்காதான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் ஆளுக்கொரு தையலாக வரிசையில் உட்கார்ந்து தைக்கும் லைனுக்குச் சூப்பர்வைசராக இருந்தவர். கம்பெனியை விட்டு வந்தாரே தவிர, லைனை விடவில்லை. இப்போது மகளோடு ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டார். தெருவே லீவில் இருப்பதுபோல் இருக்கிறது.

பேத்தியின் யூனிஃபார்முக்குள் போட ஒரு சிம்மிஸ் தைக்கலாம் என்று என் மனைவி கமலா ஆரம்பித்தாள். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, தோளுக்கு இரண்டு பட்டி. துணியை எப்படி மடிப்பது என்று நான் முறைப்படி விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அதைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு எந்த மதியமும் எனக்குத் திரும்பி வரவில்லை.

அங்கே, எங்கள் மதில் சுவரை ஒட்டிய திண்ணையில், ஒரு சிம்மிஸுக்கு நான்கு பெண்கள். ஒருத்தி பக்கத் தையல், ஒருத்தி கழுத்து, எதிர்வீட்டுப் பத்மா தோள்பட்டி, கமலா அடி மடிப்பு. கம்பெனியில் துணி நகரும், ஆட்கள் நகரமாட்டார்கள். இங்கே மெஷின் ஒன்றுதான் என்பதால் ஆட்கள் நகர்ந்தார்கள். லைன் அக்கா விசில் ஊதுவார். ஒருத்தி எழுவாள், அடுத்தவள் உட்காருவாள். நான் மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் கமலா, விசிலுக்குத் துள்ளி எழுந்ததைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். வயிறு எரிந்தது.

முதல் துவைப்பிலேயே சிம்மிஸ் சுருங்கியது. சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு லைன் அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"துணியை நனைக்காமல் வெட்டினீர்களா?"

"கம்பெனில நாங்களா நனைச்சோம்? வந்தா வெட்டுவோம். இப்ப இன்னா, எட்டு வயசு சைஸு ஆறு வயசு சைஸ் ஆச்சு. கோடி ஊட்டுப் பொண்ணுக்குக் குடு. இதுக்குப் போய் பேஜாரு பண்றியே சார்!"

"என் பேத்திக்கு?"

"பத்து வயசு சைஸு வெட்டிக்கினு கீறோம். சுருங்கினா சரியா ஒக்காரும்."

எங்கள் தெருவில் எல்லா வயதிலும் பெண் குழந்தைகள் இருந்தார்கள். விதி தோற்றது.

மதியங்களில் கமலாவுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அதன்பின் ஃபேனுக்குப் படித்தேன். வீடு திரும்பினால், "அக்கா சொன்னாங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். பொறுக்க முடியாமல் முறைப்படி விண்ணப்பித்தேன். பொருள்: லைனில் இடம் கோருதல். லைன் அக்கா அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு அடியில் வைத்தார். நினைவூட்டல் அனுப்பினேன். இன்னொரு காலும் ஆடுவதை நிறுத்தியது.

ஒருநாள் பத்மா பெரியபாளையத்துக் கோயிலுக்குப் போய்விட்டாள். தெருக் குழந்தைகளுக்குத் தைத்த சிம்மிஸ்கள் பட்டி இல்லாமல் குவிந்தன.

"நான் போடறேன்கா," என்றாள் கமலா.

"நீ அடி மடிப்பு. ஒரு ஆளுக்கு ஒரு வேலதான்," என்ற லைன் அக்கா, சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "சார்! பட்டி பொரட்டத் தெரியுமா?"

"தைத்த பட்டியின் உள்பக்கத்தை ஊக்கை வைத்து வெளியே புரட்டுவதா, கம்பியை வைத்தா? இரண்டு முறைகள் உண்டு. முதலாவது..."

"வாய மூடிக்கினு வா சார்."

போனேன். பத்மாவின் ஸ்டூலில் உட்காரப் போனவனைத் தடுத்தார்.

"அங்க இல்ல. கமலா பக்கத்துல ஒக்காரு. சொவுத்துக்கு அந்தாண்ட உன்னையே பாத்துக்கினு மடிப்பைக் கோணலா அடிக்குது. எத்தினி பீஸ நான் பிரிக்கிறது?"

கமலா தலை நிமிரவில்லை. ஆனால் நகர்ந்து இடம் விட்டாள்.

என் சர்வீஸில் எந்த மேலதிகாரியும் எனக்கு அவ்வளவு நல்ல இடம் ஒதுக்கியதில்லை. விண்ணப்பத்துக்குப் பதில் வந்த நாள்: ஆடி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.