தளபதி மின்னல்வேலன் மறைவும் வீடு விற்காத காரணமும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
5 நவம்பர் 1986

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ராஜாங்கம் அவர்களுக்குத் தங்கை வீட்டுக்காரன் ஆதிமூலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை செல்வாம்பாளும் சுகம். பாரிசில் குளிர் தொடங்கியிருக்கும். தங்கள் முழங்காலுக்கு அது தங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். குளிரும் வலியும் அளவோடு இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

முதலில் முக்கியமான செய்தி. சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு ஹாலில் கூடிய மாநாட்டுச் சீர்திருத்தக் குழு, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஓர் எதிர்ப்பும் இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இனிமேல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ‘ம்’ எந்தக் காரணம் கொண்டும் பதிலாக ஏற்கப்படாது. நிறைவேறியதும் எல்லோரும் எழுந்து நின்றோம். கமலவேணி மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த விதி இரண்டு வாரத்துக்கு முன்பே இருந்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். தங்கள் வீடும் விற்றிருக்கும்.

மாநாடு என்றதும் கொடி, ஊர்வலம் என்று எண்ண வேண்டாம். தங்கள் மகன் முருகையன் வக்கான்ஸ் லீவுக்கு வந்தபோது பீரோவின் மேல் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். உள்ளே பிரெஞ்சில் ஒரு விதிப்புத்தகம், கொஞ்சம் தாள்கள், இருபது முகமுள்ள ஒரு பிளாஸ்டிக் பகடை. பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. சுற்றி உட்கார வேண்டியதுதான். ஒருவர் கதையை நடத்துவார், “காட்டு ஓரம் வந்துவிட்டீர்கள், வழி இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம், தளபதியோ வைத்தியரோ திருடனோ, மனதில் ஏற்றுக்கொண்டு அந்த ஆள் செய்வதைச் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். ரிட்டயரானபின் பொழுது போகாமல் ஒரு நாள் உட்கார்ந்தேன். மில்லில் டைம்கீப்பராக இருந்த காலத்தையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு மத்தியானத்தின் நிறைவு வராது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்ற கமலவேணி மதாம்தான் புத்தகத்தைப் படித்துச் சொல்லி, ஞாயிறுதோறும் கதையையும் நடத்துகிறார். விழுப்புரத்திலும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களையும் அழைத்து, வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் கூடுவதென்று ஆயிற்று. கூடினால் அது மாநாடு.

போன வருஷத்து முதல் மாநாட்டில் சில குறைகள் இருந்தன. வரவேற்புரை, வரவேற்புரையாளரை அறிமுகப்படுத்தி ஓர் உரை, வந்தவர்கள் அனைவருக்கும் பொன்னாடை, பொன்னாடை கிடைத்தவர்களின் ஏற்புரை என்று போய், பெட்டியைத் திறந்தபோது விழுப்புரத்துக்காரர்களுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் காட்டைப் பார்க்காமலே திரும்பினார்கள். அதற்காகத்தான் சீர்திருத்தக் குழு அமைத்தோம். இந்த வருஷம் உரைகள் ஒழிக்கப்பட்டன. முன்பே வாங்கிவிட்ட ஒரு பொன்னாடையைத் தவிர மற்றவை ஒழிக்கப்பட்டன. செல்வாம்பாள் வைக்கும் வஞ்சிரமீன் குழம்பில் மட்டும் சீர்திருத்தத்துக்கு இடமில்லை என்று குழு கருதியது. பிழை அங்கேதான் நேர்ந்தது.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தங்கள் கடிதம் வந்தது. வீட்டை விற்கப் போவதாகவும், கடலூர் அரிசிமண்டி கோவிந்தசாமி என்பவர் அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை தரகரோடு வந்து பார்ப்பார் என்றும், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். அது மாநாட்டின் இரண்டாம் நாள். வீடு தங்களுடையது; நாங்கள் பார்த்துக்கொள்பவர்கள். எனக்கும் செல்வாம்பாளுக்கும் மகள் வீட்டு மாடி இருக்கிறது. மாநாட்டுக்குத்தான் மாடி இல்லை. இவ்வளவு பெரிய ஹாலும், கதவைச் சாத்தினால் தெருவே காணாமல்போகும் சுவரும் முத்தியால்பேட்டையில் வேறெங்கும் கிடைக்கவில்லை. எங்களோடு ஆடும் கொளஞ்சியின் வீட்டில் ஒருமுறை விளையாடிப் பார்த்தோம். பக்கத்தில் மாவு மெஷின் ஓடும்போது காட்டில் ஒருவருக்கும் பயம் வரவில்லை. இந்த வீடு போனால் மாநாடும் போகும். இதை ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் சனிக்கிழமை. சாப்பாடு முடிந்து ஜன்னல்களைச் சாத்தினோம். பச்சைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் ஜமுக்காளத்தின் மேல் குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. கடற்காற்று எங்கிருந்தோ உள்ளே வந்து தாள்களைத் தொட்டுவிட்டுப் போயிற்று. மதாம் தணிந்த குரலில், எதிரே ஓர் ஆறு ஓடுகிறது, அதன் பெயர் ஊமையாறு, சத்தமே இல்லாமல் போகும் என்றார். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை; ஆனாலும் எல்லோரும் சமையலறைப் பக்கமே பார்த்தோம். பிறகு எல்லாருடைய பார்வையும் மெதுவாக ஹாலைக் கடந்து முற்றத்துக் கிணறுவரை போய் நின்றது. விழுப்புரத்துக்காரர் ஒருவர், பெயர் கேட்க மறந்துவிட்டேன், வேட்டியைச் சற்று உயர்த்திக் கால்களை மடக்கிக்கொண்டார். நானும் மடக்கிக்கொண்டேன்.

கொளஞ்சி தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு முடித்து நேராக மாநாட்டுக்கு வந்தவன். குழம்பை இரண்டாம் முறையும் வாங்கியவன். அவன்தான் தளபதி மின்னல்வேலன். அன்று அந்த ஆற்றங்கரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“தளபதி, ஆத்துல ஒரு கட்டை மெதந்து வருது. அதுல ஏறி அக்கரைக்குப் போறீங்களா?” என்று மதாம் கேட்டார்.

“ம்.”

“கட்டைக்குக் கண்ணு இருக்கு. அப்பவும் ஏறுறீங்களா?”

“ம்.”

“வாயத் தொறக்குது.”

“ம்ம்.”

இப்படி ஒரு வீரத்தை நாங்கள் பார்த்ததில்லை. அவன் கை நீட்டாததால் மதாமே பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது. அதற்குக் கீழே எண் கிடையாது. எல்லோரும் குனிந்து பகடையைப் பார்த்தோம். அந்த நிசப்தத்தில்தான் கொளஞ்சி விழித்தான்.

“இன்னா ஆச்சு?”

“செத்துட்டீங்க” என்றார் மதாம்.

“எப்ப?”

“இப்பதான்.”

“தூங்கறவன எழுப்பிக் கேக்கக் கூடாதா மதாம்?”

“மொதல எழுப்பிட்டா கேக்கும்?”

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி அஞ்சலாட்சி, வீட்டுக்காரன் அசதியாக இருப்பான் என்று பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அச்சகத்தில் வேலை செய்யும் சாமிக்கண்ணு, எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவர், “அஞ்சல, ஒன் வூட்டுக்காரன் செத்துட்டான்மா” என்றார். அவள் ஜமுக்காளத்தில் விழித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். “அப்ப டீ எதுக்கு?” என்று பிளாஸ்க்கை என்னிடம் கொடுத்தாள். பிறகு முழு விவரத்தையும் கேட்டாள். கேட்டுவிட்டு, “அந்தத் தளபதிக்குப் பொண்டாட்டி உண்டா?” என்றாள். தளபதியின் விவரங்கள் உள்ள தாளைப் பார்த்து, “பூங்கோதை” என்றார் மதாம்.

“யாரு அவ?”

“சும்மா, பேரு கேட்டாங்க, எழுதுனேன்” என்றான் கொளஞ்சி.

“ஏன், அஞ்சலாட்சின்னு எழுதுனா பேனா ஓடாதா?”

கொளஞ்சி செத்ததற்காக அப்போதுதான் கொஞ்சம் ஆறுதல் அடைந்தவன்போலத் தெரிந்தான். அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். “சரி. அந்தப் பொண்ணுக்குச் சொல்லி அனுப்புனீங்களா?” என்றாள்.

மச்சான், எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஊமையாற்றின் அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெண் சோறு வடித்துவைத்துக் காத்திருக்கிறாள் என்பது அதுவரை யாருக்கும் நினைவில்லை. மதாம் அவசரமாக விதிப்புத்தகத்தைப் புரட்டினார். செத்தவர் உடனே வேறு பெயர் வைத்துக்கொண்டு ஆட்டத்தில் சேர்ந்துவிடலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். பதினாறாம் நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. “பொணம் இன்னும் ஆத்துலயே கெடக்குது. அதுக்குள்ள வேற பேருல வந்து குந்திக்குவாரா?” என்றாள் அஞ்சலாட்சி. ஹாலில் எல்லோரும் தலைகுனிந்தோம். தாங்கள் அந்த நாட்டு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து, அங்கேயே இத்தனை வருஷம் குடியிருப்பவர். அவர்கள் வழக்கம் உண்மையில் அப்படித்தானா என்று தங்கள் பதிலில் ஒரு வரி எழுதவும்.

ஆட்டம் நிறுத்தப்பட்டது. சாவு விழுந்த வீட்டில் விளையாட முடியாது. முறைப்படி செய்வதென்று முடிவாயிற்று. சாமிக்கண்ணு அச்சகத்துக்குப் போய் ஒரே ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்து வந்தார். தளபதியின் படம் கைவசம் இல்லாததால் கொளஞ்சியின் கல்யாணப் போட்டோவை ஒட்டினோம். “என்ன வெட்டிட்டு ஒட்டுங்க. நான் அந்தம்மா இல்ல” என்று அஞ்சலாட்சியே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். ‘தளபதி மின்னல்வேலன், ஊமையாற்றைக் கடக்கையில் முதலை வாய்ப்பட்டு 18.10.86 அன்று அகால மரணம் அடைந்தார். காரியம் இதே இல்லத்தில்’ என்று கறுப்புக் கட்டத்துக்குள் நன்றாகவே வந்திருந்தது. அதை வாசல் தூணில் ஒட்டினோம். தங்கள் வீட்டில் பசை படிய வேறு இடம் இல்லை.

மறுநாள் காலை கோவிந்தசாமியும் தரகரும் காரில் வந்து இறங்கினார்கள். நோட்டீசைப் படித்தார்கள். கதவைத் தட்டினார்கள். கொளஞ்சி போய்த் திறந்தான்.

கோவிந்தசாமி அவனைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். நெஞ்சுரம் உள்ள மனிதர். “எப்ப நடந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“நேத்து மத்தியானம். நான் தூங்கிட்டு இருந்தேன்.”

“எங்க?”

“இதோ, இந்த ஹால்லதான். ஆத்துல.”

கோவிந்தசாமி தரகர் பக்கம் திரும்பினார். “யோவ், வூட்டுக்குள்ள ஆறு போவுதுன்னு நீ சொல்லவே இல்லியே.”

“பத்திரத்துல இல்லீங்களே” என்றார் தரகர்.

நான் ஓடிவந்து இருவரையும் உட்காரவைத்து, தங்கள் மகனின் பெட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வீடு விற்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் என் மனதில் இருந்தது. கோவிந்தசாமி பொறுமையாகக் கேட்டார். “வெளையாட்டுதான், புரியுது. ஆனா எழுதி ஒட்டிட்டீங்க. பதினாறு முடியாம வெல பேசக் கூடாது” என்றார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “எடுக்கறது எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

உடல் கிடைக்காததால் தளபதியின் தாளைத்தான் எரித்தோம். சாம்பலோடு நோணாங்குப்பம் போய் ஒரு படகு எடுத்தோம். அங்கே சுற்றிப்பார்க்க வருபவர்கள் ஒரே கூச்சல். எங்கள் படகில் மட்டும் பேச்சில்லை. உப்பங்கழியில் தண்ணீர் அசையாமல், எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. “யாருக்குங்க?” என்று படகுக்காரர் கேட்டார். “ஒரு தளபதிக்கு” என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கொளஞ்சி தன் சாம்பலைத் தானே கரைத்தான். அது தண்ணீரில் விரிந்து, ஒரு திசையும் இல்லாமல் நின்று, பிறகு இல்லாமல்போயிற்று. கோவிந்தசாமி குனிந்து, “மொதல எந்தப் பக்கமா வந்துச்சு?” என்று மெல்லக் கேட்டார். மதாம் கை காட்டினார். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தோம். தண்ணீர் லேசாக அசைந்தது. மீனாக இருக்கும்.

கரை ஏறியதும் கோவிந்தசாமி, முறைப்படி, போய்வருகிறேன் என்று சொல்லாமலே போய்விட்டார். ஆகவே வீட்டைப் பற்றி அவர் நினைப்பது என்ன என்று கேட்க வழியில்லாமல் போயிற்று. தீபாவளிக்கு இந்த வருஷம் பட்டாசு கூடாது என்று அஞ்சலாட்சி சொல்லிவிட்டதால் அதுவும் இல்லை. தீபாவளிக்கு மறுநாள், சென்ற ஞாயிற்றுக்கிழமை, காரியம் நல்லபடியாக முடிந்தது. மிச்சமிருந்த பொன்னாடை கொளஞ்சிக்குப் போர்த்தப்பட்டது. அதன்பிறகுதான் மேலே சொன்ன தீர்மானத்தை நிறைவேற்றினோம்.

மச்சான், நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். வீடு விற்காததில் என் கை எதுவும் இல்லை என்பது தங்களுக்கு விளங்கியிருக்கும். எல்லாம் முடிந்தது. ஹாலைக் கழுவிவிட்டோம். வீடு இப்போது மற்ற எந்த வீட்டையும் போன்ற ஒரு வீடுதான். ஆற்றைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. வேறு யாராவது வாங்க விரும்பினால் எந்த நாளும் அனுப்பலாம்; அவர் தயங்கும்படி இங்கே ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். முருகையனுக்கு எங்கள் ஆசி. நல்ல இடத்தில் பெண் அமைந்து நூறாண்டு வாழட்டும். பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ஆதிமூலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சில விவரங்கள் நினைவுக்கு வந்தன. கோவிந்தசாமி காரியத்துக்கு வந்திருந்தார். அந்தக் கரையில் ஓடக்காரர் ஒருவர் இருந்திருந்தால் தளபதி கட்டையில் ஏற நேர்ந்திராது என்பது அவர் கருத்து. அதனால் இனி ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து வந்து ஓடம் விடுவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். தரகர் வைத்தியராகச் சேர்ந்திருக்கிறார். வீட்டுக்கு வேறு ஆள் பார்க்க அவருக்கு நேரமில்லையாம். பூங்கோதையாக அஞ்சலாட்சி இருக்கிறாள். ஆற்றங்கரை வீட்டைவிட்டு எங்கேயும் போவதாக இல்லை என்று சொல்லியிருக்கிறாள். வாசல் தூணில் உள்ள நோட்டீசை எடுப்பதா என்று குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டதால் அதன்மேல் கண்ணாடி போட்டிருக்கிறோம்.