பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல

மலேசியாவுல நெகிரி செம்பிலான் எஸ்டேட்டு அத்தனையும் சல்லடையில போட்டுச் சலிச்சாலும் ‘டேபிளு’ மாதிரி ஒரு ஆளு தேறாது. எதக் கேட்டாலும் "அதுக்கு ஒரு டேபிள் போடணும் பாட்டி"ன்னுவான். தச்சு வேலைன்னு நெனச்சிராதீங்க, கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டிப் போடுற பட்டியலுக்கு அப்படிப் பேராம். மந்தின் டவுன்ல கம்ப்யூட்டர் கடையில வேல.

எங்க கோயில் திருவிழாவுல பால்குடம், எஸ்டேட்டு லயத்துல வீடுங்க இருந்த வரிசையிலதான் போகும். மொத வீடு மொதல்ல. லயத்த இடிச்சு, சனம் பாரோய், ரஹாங்குன்னு ஊருக்கு ஒண்ணா செதறுனப்புறம், எந்த வீட்டுக்கு அடுத்தது எந்த வீடுன்னு வருசா வருசம் அடிதடி. "நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன்"னு டேபிளு வந்தான். அன்னைக்கே எனக்கு நம்பிக்க போச்சு.

மொத வருசம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டான். நாலாவது வீட்டு லெச்சுமிய மறந்துட்டான். அவள நடுவுல சொருவுனதுல பின்னால இருந்த அத்தன நம்பரும் மாறிருச்சு. "ஏண்டா, ஏழா இருந்தவள எட்டாக்குன?"ன்னு ஒருத்தி குடத்தோட வெரட்டுனா.

மறு வருசம் பத்து, இருபது, முப்பதுன்னு போட்டான். "நடுவுல யாராச்சும் வந்தா எடம் வேணும்லா!" கடைசி வீட்டுக் கெழவன் முனியாண்டி குதிச்சான். "மொத்தமே முப்பது வீடு. நான் எப்படிடா முந்நூறு? ரஹாங் முக்குல நின்னா குடம் தூக்கணும்?" இந்த ஜென்மத்துல இவன் வரிசை தேறாதுன்னு தலையில அடிச்சிக்கிட்டேன்.

டேபிளுக்கும் செத்துப்போன அம்மா பேருல ஒரு குடம் எடுக்க ஆச. ஆனா அவ எஸ்டேட்டுக் கணக்கெழுதுற கிராணி வீட்டுல சமைச்சு, அங்கயே பின்கட்டுல படுத்தவ. லயத்துல வீடு கெடையாது. அதனால போன வருசம் தன் பேர எழுதி, நம்பர மட்டும் காலியா விட்டான். கடைசியில வரும்னு நெனப்பு. பாழாப்போன கம்ப்யூட்டர், நம்பர் இல்லாதவனத் தூக்கி எல்லாருக்கும் மேல வச்சிருச்சு. மைக்குல மொத பேரே அவன் பேரு!

"வீடே இல்லாதவனுக்கு மொத குடமா?" கோயிலே கவுந்துச்சு. மொத வீட்டுக்காரி நான் சும்மாதான் நின்னேன். அவன் குடத்தக் கீழ வச்சிட்டுப் போயிட்டான்.

இந்த வருசம் லிஸ்டு கொண்டாந்தான். ஒரு தப்பில்ல. அவன் பேருதான் இல்ல.

"உன் பேரு எங்கடா?"

"அழிச்சிட்டேன் பாட்டி. எனக்கு எங்கயும் எடமில்ல."

"என் நம்பர் என்ன?"

"பத்து."

"அடுத்த வீட்டுக்காரிக்கு?"

"இருபது."

"அப்ப பதினஞ்சுல உன் பேரப் போடு. எவனாச்சும் கேட்டா என் வீட்டு ஆளுன்னு சொல்லிக்கிறேன்."

மக்குப் பய, பதினஞ்சத் தட்டுறதுக்குள்ள ரெண்டு தடவ தப்புப் பண்ணான். சரியாத் தட்டுனானான்னு பாக்க எனக்கும் கண்ணு தெரியல.