கம்பளிக் கோட்டும் டவுட்டு அக்காவும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் டவுட்டு அக்காவை ஏமாற்றியவர் யாருமே கிடையாது. ஏமாற்ற வருகிறவருக்கே, நாம்தான் ஏமாந்துகொண்டிருக்கிறோமோ என்று கலக்கம் வந்துவிடும். பஸ்ஸில் 'ஆவடி' என்று பலகை இருக்கும். கண்டக்டரும் ஆவடி என்று கத்துவார். அக்கா டிரைவரிடம் போய் விசாரித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இருந்தோம். அவள் டெய்லர். நான் பட்டன் சரிபார்ப்பவள். குளிர் நாட்டுக்குப் போகும் கம்பளிக் கோட்டைப் படம் பிடித்து ஆல்பம் போட, கொளுத்துகிற மே மாதத்தில் ஒரு போட்டோகிராபர் வந்தார். கூட வந்த மாடல் பெண் கோட்டுக்குள் ஒரு கையை விட்டாள். "தலை சுத்துது" என்று வந்த காரிலேயே திரும்பிவிட்டாள்.

படம் அன்றே வெளிநாட்டுக்குப் போகாவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும். ஆர்டர் போனால் எங்கள் தையல் லைனையே மூடிவிடுவார்கள். மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். நெடுநெடுவென்று நின்ற டவுட்டு அக்கா கண்ணில் பட்டாள்.

"இன்னாத்துக்கு என்னைப் போட்டோ புடிக்கிறீங்கோ? போலீசுக்கா?"

"கோட்டு விக்கிறதுக்கும்மா!"

"என்னைப் பாத்து எவன் கோட்டு வாங்குவான்? இதுல இன்னாமோ கீது."

லைனை மூடிவிடுவார்கள் என்று நாங்கள் கெஞ்சியதும் எங்கள் முகங்களைப் பார்த்தாள். "சரி, மாட்டு" என்றாள். பவுடரை முகர்ந்து பார்த்த பிறகே பூசவிட்டாள்.

கோட்டு தொளதொளவென்று தொங்கியது. முதுகுப் பக்கம் துணியைச் சுருட்டிக் கிளிப் போட்டார்கள். அது தெறித்து ஓடியது. கடைசியில் நான் அவளுக்குப் பின்னால் குந்தி, இரண்டு கையாலும் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முடி பறக்கிறது என்று ஃபேனை நிறுத்தினார்கள். பெரிய பெரிய விளக்குகளைப் போட்டார்கள்.

"நல்லா ஜில்லுனு காத்து வீசுது. அப்படி நினைச்சுச் சிரிங்க" என்றார் போட்டோகிராபர்.

அக்கா சிரித்த வாயை மூடாமலே என்னிடம் முணுமுணுத்தாள். "ஏம்மே, கீறியா, ஓடிப்பூட்டியா?"

"கீறேங்க்கா."

"கேமராவுல ரீல் போட்டுக்கிறானா பாரு. சும்மாவே கிளிக்கு கிளிக்குனு சவுண்டு குடுக்கிறான்."

"எனக்கு உங்க முதுகுதாங்க்கா தெரியுது."

அவள் வேர்வை என் நெற்றியில் சொட்டியது. அவள் கால்கள் வெடவெடத்தன.

"ஆடாதீங்கம்மா!"

"நீதான சார் குளிருதுன்ன?"

"முடிஞ்சுது" என்ற சத்தம் கேட்டதும் அக்கா அப்படியே என்மேல் சாய்ந்தாள். மூச்சு பேச்சு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தில் தண்ணீரை அடித்தோம். மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"எந்தப் பைப்புல புடிச்ச தண்ணி?"

ஆர்டர் கிடைத்தது. சில மாதம் கழித்து ஆல்பம் வந்தது. எல்லோரும் பார்க்க ஓடினோம். கோட்டு ஜம்மென்று இருந்தது. ஆனால் படத்தைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாள்.

"நான்தானா இது?"

"நீங்கதாங்க்கா. நான்தானே பின்னால புடிச்சுக்கினு இருந்தேன்."

"நீ சொன்னா சரி" என்றவள், அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். "நீயே வெச்சுக்கோ. எங்க ஊட்ல எவனும் நம்பமாட்டான்."

நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். அதில் அவளுக்குத் தலை இல்லை, நான் இருப்பதே தெரியாது. ஆனாலும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.