காருக்குப் போர்த்திய படங்கு

நான் ஒரு காரை அவித்திருக்கிறேன். கிழங்கு அவிக்கிற மாதிரிதான். அதுவும் மகனுக்குப் பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு. ஊரார் வாயிலிருந்து நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் சொன்னால் காரோடு ஒரு லொறியையும் சேர்த்து அவித்துவிடுவார்கள்.

என் மகன் சிவாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. முதலில் பார்த்த ரெண்டு இடமும் என் வாயால்தான் கெட்டது. (ஒரு வீட்டில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இது தேயிலையா, மண்ணா?" என்று கேட்டேன். முப்பது வருசம் கொழுந்து எடுத்தவள் கேட்காமல் வேறு யார் கேட்பது?) மூன்றாவது இடம் கொட்டகலை. பொண்ணு பேர் தர்சினி. அப்பா கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக்; எங்கள் பக்கம் பாஸ் என்போம். பொண்ணும் அங்கேதான் ஸ்பானர் பிடிக்கிறாள் என்று கேட்டதும் நான் முகத்தைச் சுளித்தேன். சிவாவோ அவளுடைய படத்தைப் போனில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இந்தத் தடவையாவது வாயத் தொறக்காதீங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் அவர்கள் வாசலை மிதிக்காவிட்டால் இந்த இடமும் போச்சு என்று தரகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கையைத்தான் வைத்தேன்.

நாங்கள் இருப்பது பட்டிப்பொல பக்கம். அந்தக் குளிரில் சிவாவின் பழைய கார் விடியக்காலையில் மனுசர் மாதிரி இருமும். சனிக்கிழமை பின்னேரம் அவன் பொனட்டைத் திறந்து தண்ணி பார்த்துவிட்டுக் கை கழுவப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டுவோமே, தடித்த சாக்கு, படங்கு என்போம். அதைக் கொண்டுவந்து ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த சந்தில் இறுக்கிச் செருகினேன். "தூங்கு ராசா" என்று தட்டியும் கொடுத்தேன். அது தேயிலைக் கறையில் கறுத்த சாக்கு. காரின் உள்ளேயும் கறுப்பு. யார் கண்ணில் படும்?

மறுநாள் கார் இருமவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தலவாக்கலை தாண்டி ஏற்றத்தில் ஏறும்போது சூட்டு முள் சிவப்பில் போய் நின்றது. பொனட் இடுக்கால் ஆவி வந்தது. சிவா காரை ஓரங்கட்டித் திறந்து பார்த்தான். (ஓட்டத்தான் தெரியும் அவனுக்கு.)

"கண்ணூறுதான்" என்றேன். பொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோன தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காரை மூன்று தரம் சுற்றினேன். ஆவி இன்னும் கூடியது.

மணி மூணே முக்கால். வேறு வழியில்லாமல் சிவா பொண்ணு வீட்டுக்கே போன் போட்டான். கால் மணியில் ஒரு ஆட்டோ வந்தது. பின்னால் கையில் கட்டுப் போட்ட பாஸ். ஓட்டி வந்தது பட்டுச் சேலை கட்டி மல்லிகைப்பூ வைத்த ஒரு பொண்ணு. அவளேதான்.

நானோ அந்த நேரம் பார்த்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தை! கைய எடுங்க! மூஞ்சி வெந்துரும்!"

ஒரு முடிவும் ஆகவில்லை, அதற்குள் அத்தை. பயத்தில் நானும் எடுத்துவிட்டேன்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். ஆவி அடங்கும்வரை பொறுத்தாள். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். குழாய்களைத் தடவினாள். சிவாவை எஞ்சினைப் போடச் சொன்னாள். ஃபேன் சுற்றியது. பிறகு காரின் முன் கம்பிக்கு நேரே முந்தானையைப் பிடித்தாள். அது ஆடாமல் தொங்கியது.

"அப்பா, காத்து இழுக்கல. உள்ள என்னமோ அடைச்சிருக்கு."

அவள் கையை விட்டு இழுத்தாள். படங்கு ஆவி பறக்க வெளியே வந்தது. ரோடெல்லாம் தேத்தண்ணி வாசம்.

"இது யாரு வச்சது?" என்றார் பாஸ்.

"கார வித்தவன் வச்சிருப்பான்" என்றேன். (சிவா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்துப் பற்றாது.)

அவள் சாக்கின் மூலையை விரித்தாள். சிவப்பு நூலில் ஏதோ தைத்திருந்தது. அந்தக் காலத்தில் எனக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல். பெருமைக்காக நானே தைத்தது.

"செல்லமா" என்று வாசித்தாள். "ஒரு ம் கொறையுதே. யாருங்க இது?"

"எம் பேருதான்" என்றேன். "குளிருமேன்னு போர்த்துனேன்."

இந்த இடமும் போச்சு என்று சிவா தலையைக் குனிந்தான். அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, காருக்கே போர்த்துறாங்கப்பா. என்னையப் பட்டினி போடவா போறாங்க?"

காருக்குத் தண்ணி ஊற்றிக் கிளப்புவதற்குள் ஐந்து மணி. நடு ராகுகாலத்தில் அவர்கள் வாசலை மிதித்தோம். பாஸே முன்னால் போய்க் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். அவள் போட்ட தேத்தண்ணி மகா மோசம். நான் ரெண்டு கோப்பை குடித்தேன், வாயைத் திறக்காமல்.

இப்போது பேரனுக்கு ஒன்பது மாதம். தொட்டிலில் அவனுக்கு நான் கம்பளி போர்த்தினால் போதும், குசினியில் சமைத்தபடியே என் மருமகள் கத்துவாள்:

"அத்தை, முன்னுக்குக் காத்து வர விடுங்க! கொதிச்சிரப் போறான்!"