ஹாரன் அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர்

நாமக்கல் வட்டாரத்து ஆன்லைன் திருடர்கள் மாநாடு கூட்டினால், முதல் கண்டனத் தீர்மானம் ஹாரன் அண்ணன் மீதுதான் வரும்.

அண்ணன் எனக்கு வீட்டு ஓனர். முன்பு லாரி ஓனர். டிரைவர்கள் போனில் "வண்டி ஓடிக்கிட்டே இருக்குதுங்க" என்றால் நம்ப மாட்டார். ஹாரன் அடிக்கச் சொல்வார். சத்தத்தை வைத்தே எந்த வண்டி, ரோட்டில் ஓடுகிறதா ஒர்க் ஷாப்பில் படுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

லாரிகளை விற்றதும் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளோடு அண்ணன் மனைவி சரோஜா அக்கா முகம் பார்த்துப் பேசுவதற்காக. அண்ணன் அதன் கேமராவில் லாரியின் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை ஒட்டினார். மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறும் கட்டினார். அக்கா முடிச்சவிழ்ப்பதற்குள் மகள் ஆபீசுக்கே போய்விடுவாள்.

"குரலையே திருடிப் பேசறானுங்களாம் சாமி. இனி ஆரு போன் பண்ணாலும் அவங்கவங்க வண்டி ஹாரன் அடிச்சாத்தான் பேச்சு" என்று சட்டம் போட்டார்.

ஒருநாள் மாடித் தொட்டி வழிகிறது என்று போன் செய்தேன்.

"ஆரு?"

"நான்தானுங்கண்ணா, மாடியில."

"அப்படிச் சொல்லித்தான் எல்லாத்தையும் ஏமாத்தறாங்க. கீழ போயி ஹாரன் அடி."

நான் இறங்கி ஸ்கூட்டர் ஹாரனை அடிப்பதற்குள் தண்ணீர் தெருவுக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிறு காலை கீழே அக்காவின் அலறல். ஓடினேன். கம்ப்யூட்டர் திரையில் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர். மகள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்தாம், கைது செய்துவிட்டார்களாம். இணைப்பைத் துண்டிக்கக் கூடாதாம், அவர் அனுப்பும் லிங்கை அழுத்த வேண்டுமாம். பின்னால் "அம்மா, காப்பாத்தும்மா" என்று அழுகை. அசல் அவள் குரலேதான். நானே நம்பிவிட்டேன். அக்கா மவுசை லிங்குக்கு நகர்த்தினாள்.

அண்ணன் வந்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குனிந்து பணிவாகத்தான் கேட்டார்.

"சரிங்க சார். புள்ளைய அது ஸ்கூட்டி ஹாரன ஒருக்கா அடிக்கச் சொல்லுங்க."

"என்ன ஹாரன்? இது விசாரணை."

"இதுவும் விசாரணைதானுங்க."

காக்கிச்சட்டை யாரிடமோ கிசுகிசுத்தது. சிறிது நேரத்தில் ஒரு ஹாரன் கேட்டது. சேலம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைகிற மாதிரி முழங்கியது.

"ஸ்கூட்டிக்கு ஏர் ஹாரன் எப்பங்க மாட்டுனா?" என்று கேட்டபடியே அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார்.

உடனே மகளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது மகளே அழைத்தாள்.

"குளிச்சுக்கிட்டு இருந்தனுங்கப்பா. என்னாச்சு?"

"கீழ போயி ஹாரன் அடி சாமி."

முணுமுணுத்துக்கொண்டே போய் அடித்தாள். கீச்சென்று ஒரு சின்னச் சத்தம்.

"இன்னொருக்கா." அடித்தாள். "இன்னும் ஒருக்கா சாமி."

"நான்தான்னு தெரிஞ்சிருச்சில்லீங்கப்பா?"

"அது அப்பவே தெரிஞ்சிருச்சு கண்ணு. சும்மா கேட்டுக்கிட்டு இருக்கலாம்னுதான்" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அக்காவின் காதில் வைத்தார்.

பெங்களூரில் அடுக்குமாடிக்காரர்கள் வந்து சண்டை போடும்வரை அந்தப் பெண்ணும் அடித்துக்கொண்டேதான் இருந்தாள்.