போகாத ஸ்லோ மோஷன்

கம்ப்யூட்டர் திரையில், தையல் மெஷின்மேல் அம்மா மருதாளின் கை மறுபடியும் தண்ணீருக்குள் துணி அலசுவதுபோல அசைந்தது. செல்வக்குமார் மவுசை மேசையில் ஓங்கித் தட்டினான்.

"இன்னுமா முடியல?" கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் கிட்டுசாமி. நல்லூர்ப் பனியன் கம்பெனியின் முதலாளி. "சாயங்காலத்துக்குள்ள வேணும்னு சரக்கு வாங்கற பையர் கேட்டிருக்கானப்பா. நம்ம தையல் லைன் எத்தனை ஸ்பீடுன்னு அவன் பாக்கோணும்."

"நீங்க ஸ்லோ மோஷன்ல எடுத்துட்டீங்க போலிருக்குதுங்க. நார்மலுக்கு வரமாட்டீங்குது."

ஒரு காதில் இன்னொரு போனை இடுக்கிக்கொண்டு அவர் எடுத்த வீடியோ அது.

"கை பட்டிருக்கும், மாத்து. இதுகூடத் தெரியாட்டி உனக்கு எதுக்கு ஆபீஸ் சேரு? பழையபடி பண்டல் தூக்கப் போ. உங்கம்மா மொகத்துக்காவத்தான் உன்னைய இங்க உக்கார வெச்சேன். நாளைக்கு இத்தனை பீஸுங்கற டார்கெட்டை ஒருநாளும் விட்டவ இல்ல அவ."

வேகத்துக்கான பட்டனைத் தொட்டால் மஞ்சள் கிரீடம் ஒன்று எழும்பிக் காசு கட்டச் சொன்னது. இரட்டை வேகம் மட்டும் இலவசம். போட்டான். அம்மாவின் கை அறுந்த பல்லிவாலாகத் துடித்தது. சத்தம் கொசுவாகக் கத்தியது. சத்தத்தை வெட்டி நாதஸ்வரம் சேர்த்தான். துடிப்பை அடக்க 'ஸ்மூத்' என்று ஒன்று இருந்தது. அதை அமுக்கியதும் மருதாளுக்கு ஆறாவது விரல் முளைத்தது.

"யாரு கையப்பா இது?" கிட்டுசாமி குனிந்து பார்த்தார். "ஆறு விரல்ல தைக்கறாங்கன்னா அதுக்கும் சேத்து ரேட்டைக் குறைப்பான்."

விரலை எடுக்கப்போய்ச் செய்ததெல்லாம் அழிந்தது. பழைய ஸ்லோ மோஷனே சிரித்துக்கொண்டு வந்து நின்றது.

செல்வக்குமார் போனோடு தையல் லைனுக்கு ஓடினான்.

"அம்மா, இன்னொருக்கா எடுத்துக்கறேன். தைச்சுக் காட்டு."

"இப்ப வேண்டாங் கண்ணு. சேலை அழுக்கு."

"கையைத்தானம்மா எடுக்கறேன்!"

"நூல் மாத்தோணும். போ சாமி." கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ற பொழப்பே போகுது, உனக்குச் சேலை கேக்குதா? அந்தச் சாப்ட்வேர் சனியனும் சதி பண்ணுது, பெத்தவளும் சதி பண்ணுறே!"

லைனே திரும்பிப் பார்த்தது. மருதாள் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அம்மாவின் மெஷினடியில் தைத்த பீஸ்களை மடித்து அடுக்கும் அனிதா, முதலாளி வருகிறாரா என்று கதவைப் பார்த்துவிட்டு அவன் காதருகே வந்தாள்.

"சாப்ட்வேர் மேல ஒரு தப்பும் இல்லீங்ணா, கை மரத்துப்போயி அம்மாவுக்கு இப்ப அவ்வளவு ஸ்பீடுதான் ஓடுது, டார்கெட்டுக்கு மீதிப் பீஸையெல்லாம் லைன்ல ஆளுக்குக் கொஞ்சம் தைச்சு அவங்க கட்டுல வெக்கறோம், நீங்க மொதலாளிகிட்ட ஸ்லோ மோஷன்னே சொல்லீருங்க."